பதினோரு நிமிடத்தில் கிடைத்த முகம்

10 ஜூன் 2025, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஸ்கூட்டர் சீட் நனைந்து, ஈரத்தில் உட்கார்ந்தே அலுவலகம் போனேன். அலுவலகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். மைசூர் சாமுண்டிபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். கீழே அவர்கள் பன் வேகவைக்கிறார்கள், மேலே நாங்கள் செய்தி வேகவைக்கிறோம். எங்களுடையதைப் பாதி வெந்ததுமே இறக்கிவிடுவோம்.

இன்று ஏழு வீடியோ. ஸ்கூட்டருக்குள் புகுந்த நாகப்பாம்பை இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கபினி அணையின் நீர்மட்டத்தை நம்பித்தான் டி. நரசிபுரா பக்கம் நாற்று விடுகிறார்கள். அந்த நீர்மட்ட வீடியோவுக்குத் தொள்ளாயிரம் பேர். சுரேந்தர் இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துக் காட்டிச் சிரித்தார். 'எல்லை 24' பக்கத்தின் முதலாளி அவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவரே காரில் கொண்டுபோய் வீட்டில் விடுவார். ஆனால் செய்தி என்பது அவருக்கு அந்த எண் மட்டும்தான்.

எனக்கு மட்டும் என்னவாம்? பதினாறு வருஷம் தமிழ்ப் பேப்பரில் மைசூர்ப் பதிப்புக்குச் செய்தி எழுதியவள். பதிப்பை மூடினார்கள். ஒன்றரை வருஷம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு இங்கே வந்தேன். தலைப்பில் 'அதிர்ச்சி' என்று போடாதீர்கள் என்று முதல் மாதம் சண்டை போட்டேன். இப்போது நானே போடுகிறேன், மூன்று ஆச்சரியக்குறியோடு. போகட்டும். இந்த நோட்டிலாவது ஆச்சரியக்குறி இல்லாமல் எழுதுகிறேன்.

12 ஜூன், வியாழன்

இன்றும் வீடு வர நேரமாகி ஆறின சோறுதான். கபினியை மறுபடி போட்டேன். யாரும் சீந்தவில்லை.

17 ஜூன், செவ்வாய்

இன்று பேயோட்டம். ஆனால் ஜெயித்தோம்.

பகல் பன்னிரண்டே காலுக்குப் போலீஸ் குறிப்பு வாட்ஸப் குழுவில் வந்தது. பள்ளி வேனில் வந்த சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்ட ஓட்டுநர் கைது. பெயர் ஜடையன், வயது 41, சொந்த ஊர் ஹனூர் தாலுகா. படம் இல்லை. ஐந்தே நிமிஷத்தில் கொள்ளேகாலிலிருந்து எங்களுக்குப் போட்டியாக ஒரு பக்கம் நடத்துகிறானே அந்த எதிர்ப்பக்கத்துக்காரன், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நிழலை வைத்து வீடியோ போட்டுவிட்டான். சுரேந்தர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், முகம் இல்லாத தம்ப்நெயிலை எவன் தொடுவான்? முகத்தோட வந்தா நாமதான் ஃபர்ஸ்ட்."

ஃபேஸ்புக்கில் தேடினேன். ஹனூர் ஜடையன் என்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், பக்கம் முழுக்கச் சாமி படம். இன்னொருவன் பைக்கில் சாய்ந்து நிற்கிற கல்லூரிப் பையன். மூன்றாவது ஆள் காக்கிச் சட்டையில், மஞ்சள் வேன் பக்கத்தில், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு. ஊர் ஹனூர், இருப்பது மைசூர். டிரைவர், மைசூர், ஹனூர், எல்லாம் பொருந்தியது. குழந்தையை வெட்டி எடுத்துவிட்டேன். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் அம்புக்குறி. எல்லாம் சேர்த்துப் பதினோரு நிமிஷம்.

ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அங்கே ரைட்டராக இருக்கும் மஞ்சுநாத் என் குரல் கேட்டாலே எடுப்பார். போடவில்லை. நேரம் ஏது?

சாயங்காலத்துக்குள் நாலு லட்சம் பேர். கீழேயிருந்து சுரேந்தர் எல்லாருக்கும் பஃப்ஸ் வரவழைத்தார். "நம்ம சொர்ணலதா மேடம் இருக்கற வரைக்கும் கவலையே இல்லை" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதித்தான் வைக்கிறேனே, சந்தோஷமாகத்தான் இருந்தது.

18 ஜூன், புதன்

ஆறு லட்சத்து எழுபதாயிரம். கமெண்ட்டைப் படித்து முடியவில்லை. 'தூக்கில் போடு' என்று பாதிப் பேர். வேறு விசேஷம் இல்லை.

20 ஜூன், வெள்ளி

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பதினோரு மணிக்கு மேல் ஒருவர் படியேறி வந்தார், மனைவியோடு. கையில் பிளாஸ்டிக் கவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். நிமிர்ந்து பார்த்தேன். நான் சிவப்பு வட்டம் போட்ட முகம்.

எனக்கு ஒரு நொடி ஜாமீனில் வந்துவிட்டானா என்றுதான் தோன்றியது. அப்போதும் அதுதான் தோன்றியது, பார்.

கவரிலிருந்து ஆதார், லைசென்ஸ், வேன் ஓட்டுகிற பள்ளிக்கூடத்து அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். வயது முப்பத்துநாலு. அப்பா பெயர் வேறு, பள்ளிக்கூடம் வேறு, கிராமமும் வேறு. பிடிபட்டவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறானாம். இவரே அந்த ஸ்டேஷனுக்குப் போய், தான் அவன் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மஞ்சுநாத்தின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பதினாறு வருஷமாக எனக்குத் தெரியும்.

சத்தம் போடுவார் என்று சுரேந்தர் இரண்டு பையன்களைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். வந்தவர் சத்தமே போடவில்லை. புதன்கிழமை காலை வேனை எடுக்கப் போனபோது சாவியை வாங்கிக்கொண்டார்களாம். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, ஒண்ணாம் தேதிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டாளாம். பொண்ணு இரண்டாவது படிக்கிறாள், இரண்டு நாளாகப் பள்ளிக்கு அனுப்பவில்லையாம். இதையெல்லாம் யாரோ மூன்றாவது மனுஷருக்கு நடந்தது போலச் சொன்னார். மனைவி தேவம்மா வாயே திறக்கவில்லை. என் மேசையில் இருந்த மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரேந்தர், "தப்பா எடுத்துக்காதீங்க, இப்பவே எடுத்துடறோம்" என்றார். கண் முன்னாலேயே வீடியோவை நீக்கினார். அவ்வளவுதான், முடிந்தது என்பது போலக் கையை விரித்தார். யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அக்கா நம்ம பக்கமுங்களா?" என்றார்.

கொள்ளேகால் என்றேன்.

"அப்பறம் என்னுங்க, உங்களுக்கே தெரியுமுங்களே. நம்ம பக்கம் ஜடேசாமிக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தவனெல்லாம் ஜடையந்தானுங்க. ஊட்டுக்கு ஒருத்தன் இருப்பானுங்க. இவங்களுக்குத் தெரியாதுங்க, பாவம். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கக்கா."

என்னிடம். என்னிடம் சொல்கிறார், எடுத்துச் சொல்லுங்கள் என்று.

என் வகுப்பிலேயே நாலு ஜடையன். பஸ் ஸ்டாண்டில் நின்று ஜடையா என்று கூப்பிட்டால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். பெங்களூர்க்காரனோ மெட்ராஸ்காரனோ இந்தத் தப்பைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். நான் எப்படிச் செய்தேன்? மூன்று பெயர் வந்தபோதே கை நின்றிருக்க வேண்டாமா?

சரி என்று தலையாட்டினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டுவிட்டு.

21 ஜூன், சனி

பதினெட்டாம் தேதி 'வேறு விசேஷம் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். பொய். எனக்கு நானே எழுதுகிற நோட்டில் பொய்.

அன்றைக்கு ஒரு கமெண்ட் வந்தது. ரங்கம்மா என்ற பெயரில். 'இது எங்க தம்பிங்க, தப்பான போட்டோ போட்டிருக்கீங்க, இந்த நெம்பருக்குப் பேசுங்க' என்று போன் நம்பரோடு. படித்தேன். குற்றவாளியின் வீட்டார் இப்படித்தான் வருவார்கள் என்று, அதை யாருக்கும் தெரியாதபடி மறைத்துவிட்டேன். ஒரு சொடுக்கு. அதற்கு அடுத்த கமெண்ட்டுக்கு லைக் போட்டேன்.

அந்த நம்பருக்குப் பேசியிருந்தால் புதன்கிழமையே நின்றிருக்கும். நாலு லட்சமோ ஆறு லட்சமோ, அதோடு போயிருக்கும். அவர் சாவியைத் திரும்ப வாங்கியிருப்பாரா? தெரியாது. ஆனால் நான் பேசவில்லை. தப்பு செய்தவள் மட்டும் இல்லை, தப்பு என்று ஒருத்தி வந்து சொன்னபோது அவள் வாயைப் பொத்தியவளும் நான்தான்.

அசிங்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை வரவில்லை.

24 ஜூன், செவ்வாய்

சுரேந்தரிடம் மூன்றாவது முறையாகக் கேட்டேன், மறுப்புப் போடலாம் என்று. பேப்பரில் பெயர் மாறி வந்தால் அடுத்த நாளே அதே பக்கத்தில் 'திருத்தம்' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். எங்கள் ஆசிரியருக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே முகம் சிறுத்துவிடும். அந்த வாரம் முழுக்க அந்த நிருபரை யாரும் டீக்குக் கூப்பிட மாட்டார்கள். பெரிய நியாயவான்கள் என்று சொல்ல வரவில்லை. பேப்பரும் பொய் எழுதியிருக்கிறது, விளம்பரக்காரனுக்காகச் செய்தியை விழுங்கியிருக்கிறது. ஆனாலும் கட்டம் வரும்.

சுரேந்தருக்கு அதெல்லாம் பழங்கதை. தப்பு என்று ஒத்துக்கொண்டால் நாளைக்கே வக்கீலோடு வருவான் என்றார். நீக்கியாயிற்று, ஜனங்கள் மறந்துவிடுவார்கள், வருகிற வெள்ளி ஆஷாட வெள்ளி, சாமுண்டி மலைக் கூட்டத்தை எடுக்க யார் போவது என்று பாருங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். கிருஷ்ணராஜுக்கு ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பு. "எல்லாரும் போடறதுதானே. நீ ஏன் ஊர்ப் பாரத்தைத் தலையில தூக்கி வச்சுக்கறே?" என்றார். அனு மட்டும் போனைத் தேய்த்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆனால் படம் தெரிகிறதே. ஒவ்வொன்றாகக் காட்டினாள். பத்தொன்பது பக்கங்களில் அதே முகம், நான் போட்ட அதே சிவப்பு வட்டத்தோடு. கன்னடத்தில் நாலு, ஒன்று தெலுங்கில்.

"நீ டெலீட் பண்ணது உங்க பேஜ்ல மாத்ரம்மா" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

28 ஜூன், சனி

ஆஷாட வெள்ளிக் கூட்டத்தை நேற்றே எடுத்துக் கொடுத்துவிட்டு, இன்று லீவு சொன்னேன். மஞ்சுநாத்திடம் விலாசம் வாங்கிக்கொண்டு மேட்டகள்ளிக்குப் போனேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நாலாவது குறுக்குத் தெரு. நீளமான லைன் வீடு, வரிசையாகப் பதினோரு கதவு. கடைசிக்கு முந்தினது அவருடையது.

வீட்டில் சாமான்களைப் பாதி கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து பெட்ஷீட்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். தேவம்மா டீ வைக்கப் போனாள். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. குடித்துவிட்டால் சொல்ல முடியாது.

"அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டது நான்தான். உங்க அக்கா எழுதினதை மறைச்சதும் நான்தான்" என்றேன்.

அவர் கட்டி வைத்திருந்த மூட்டையின் முடிச்சை இறுக்கினார். என்னைப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்தபடியே, "நம்ம பக்கத்து ஆளுன்னு சந்தோசப்பட்டனுங்களே" என்றார். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

தேவம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். முதல்முறை அவள் குரலைக் கேட்டேன். "எம் புள்ளயத்தான் அவரு தூக்கி வச்சிருந்தாரு. அந்தப் போட்டோவ நாந்தான் எடுத்தனுங்க. நீங்க எம் புள்ளய வெட்டிப்போட்டு அவர மட்டும் எடுத்திருக்கீங்க. புள்ளயோட நிக்கறவன்னு தெரிஞ்சுமா?"

ஆமாம். தெரிந்துதான்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மறுப்பு எழுதுகிறேன், உங்கள் படத்தோடு போட்டு நிரபராதி என்று சொல்கிறேன் என்றேன். ஜடையன் கையெடுத்து வேண்டாம் என்றார். "எம் படத்த மறுக்காப் போடாதீங்கக்கா. ஊருல பாதிப் பேரு படிக்க மாட்டாங்க, படந்தான் பாப்பாங்க. நீங்க உங்க வாயால இந்த லைன்ல சொல்லுங்க. அது போதுமுங்க."

சரி என்றேன். டீ வரவே இல்லை.

29 ஜூன், ஞாயிறு

பதினோரு கதவில் அவருடையதை விட்டால் பத்து. பத்தையும் தட்டினேன். ஜடையன் பின்னால் வரவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

ஒவ்வொரு வாசலிலும் அதே நாலு வாக்கியம். தமிழ் வீட்டில் தமிழில், கன்னட வீட்டில் கன்னடத்தில். மேடைப்பேச்சு மாதிரி நாலாவது வீட்டுக்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. அப்படி ஆனதும் ஒரு வெட்கம். சிலர் ஐயோ பாவம் என்றார்கள். கந்தசாமி என்ற ரிடையர்டு ஆள் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "படம் வந்துச்சே. படம் எப்படிப் பொய்யாகும்?" என்று கேட்டாள். அந்த அம்மா நம்பியது போலத்தான் நானும் படத்தை நம்பினேன்.

வீட்டுக்காரம்மா நஞ்சம்மா முன் வீட்டில் இருக்கிறாள். முழுக்கக் கேட்டாள். கன்னடத்தில் பதில் சொன்னாள்: நீ சொல்கிறாய், நான் நம்புகிறேன். ஆனால் புதிதாகக் குடிவருகிறவர்கள் உன்னையா கேட்பார்கள், போனைத்தானே பார்ப்பார்கள். வேண்டுமானால் இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்.

ஒரு மாசம். அதுதான் என் மறுப்புக்குக் கிடைத்தது.

நாளைக்குப் பள்ளிக்கூடம். மேனேஜரிடம் பேச வேண்டும்.

30 ஜூன், திங்கள்

மேனேஜர் மரியாதையாகப் பேசினார். அவன்மேல் தப்பில்லை என்று அவருக்கு முன்னாலேயே தெரியுமாம். பெற்றோர் குழுவில் எழுபது பேர் இருக்கிறார்கள், யாருக்கென்று விளக்குவது என்றார். தெரிந்தும் சாவியைத் தரவில்லை.

4 ஜூலை, வெள்ளி

பத்து வீடு எங்கே, ஆறு லட்சம் பேர் எங்கே. இந்தக் கணக்கு ஐந்து நாளாக மண்டையைக் குடைந்தது. இன்று மத்தியானம் அலுவலகத்திலேயே, என் மேசையிலேயே, என் போனை நிறுத்தி வைத்துப் பேசிவிட்டேன். மேக்கப் இல்லை, பின்னணி இசை இல்லை. அவர் படம் இல்லை, என் முகம்தான்.

என் பெயர் சொர்ணலதா, 'எல்லை 24'ல் செய்தி போடுகிறவள். ஜூன் பதினேழாம் தேதி கைதானவர் என்று நான் காட்டிய முகம் வேறொருவருடையது. பெயர் ஒன்று, ஆள் வேறு. ஒரு போன் போட்டு விசாரிக்காமல் போட்டேன். அந்த ஜடையன் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. அந்தப் படம் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். இவ்வளவுதான் சொன்னேன். இரண்டு நிமிஷம் பத்து நொடி.

என் சொந்தப் பக்கத்தில் போட்டுவிட்டுச் சுரேந்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் பார்த்தார். கோபப்படவில்லை, அலுத்துக்கொண்டார். "மேடம், நீங்களே வெளிய போயிடுங்க, நான் அனுப்பினேன்னு இருக்க வேண்டாம்" என்றார். டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பயமாக இருந்தது. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு சோறு சூடாகச் சாப்பிட்டேன்.

7 ஜூலை, திங்கள்

1,312 பேர். அதில் பாதி உறவுக்காரர்கள்.

9 ஜூலை, புதன்

அனு கல்லூரியிலிருந்து பாதியில் வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்துக்காரன். என் வீடியோவை எடுத்து ஒன்பது நொடியாக வெட்டியிருக்கிறான். 'அந்த ஜடையன் மேல் எந்தத் தப்பும் இல்லை' — இது மட்டும் என் வாயிலிருந்து. அதற்கு முன்னாலும் பின்னாலும் கைதானவனைப் பற்றிய செய்தி. தலைப்பு: 'சிறுமியைச் சீரழித்தவனுக்கு வக்காலத்து வாங்கும் பெண் நிருபர்! பின்னணியில் யார்???' என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அம்புக்குறி. இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பேர்.

வெட்டு சுத்தமாக இருந்தது. நானாக இருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன்.

11 ஜூலை, வெள்ளி

பால் வாங்கப் போனேன். கடையில் பேச்சு நின்றது. கடைக்காரன் பாக்கெட்டைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தான். பதினெட்டு வருஷமாகப் பால் வாங்குகிற கடை. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம். கேட்காதவனிடம் என்ன சொல்வது?

எதிர்வீட்டில் பெண் குழந்தை இருக்கிறது. தினமும் என் ஸ்கூட்டரில் முன்னால் நின்று தெருமுனை வரைக்கும் வரும். இன்று அவள் அம்மா உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

கிருஷ்ணராஜ் இரண்டு நாளாகப் பேசவில்லை. ஃபேக்டரியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். இன்று சாப்பிடும்போது, "உனக்கென்ன, பேசிட்டுப் போயிட்டே. வெளிய முகம் காட்டறது நாங்கதானே" என்றார். சுருக்கென்றிருந்தது. அடுத்த நிமிஷமே தேவம்மா முகம் நினைவுக்கு வந்தது. அவளும் இப்படித்தானே நின்றிருப்பாள். நான் சொல்லிவிட்டாவது வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவர்கள் ஒன்றுமே செய்யாமல்.

15 ஜூலை, செவ்வாய்

கொள்ளேகாலுக்கே போனேன். எதிர்ப்பக்கத்து அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்னறை. நடத்துகிறவன் பெயர் கவின்ராஜ். மரியாதையாக நாற்காலி போட்டான். நீக்கச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன்.

"அக்கா, நீங்களும் இதே வேலைல இருந்தவங்கதானுங்களே. ஓடற வண்டிய நிறுத்தச் சொல்றீங்களே. ரெண்டு நாள்ல தானா அடங்கிருமுங்க" என்றான். வேண்டுமென்றால் ஒரு பேட்டி கொடுங்கள், 'மனம் திறக்கிறார்' என்று போடலாம் என்றான். அவன் கேலி செய்யவில்லை. உதவி செய்வதாகத்தான் நினைத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குள் ஒரு பாட்டம் அழுதேன். கோபத்தில்தான். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

2 ஆகஸ்ட், சனி

நஞ்சம்மா கொடுத்த மாசம் முடிந்துவிட்டது. மேட்டகள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டு.

மஞ்சுநாத் விசாரித்துச் சொன்னார். தேவம்மாவும் பொண்ணும் ஹனூர்ப் பக்கம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொண்ணை அங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று. ஜடையன் குண்டலுபேட்டையில் காய்கறி லோடு ஓட்டுகிறார். குழந்தைகள் ஏறுகிற வண்டியை இனிமேல் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாராம்.

நான் தெருத்தெருவாகப் போய்ப் பேசியதும், வேலையை விட்டதும், முகத்தைக் காட்டியதும் எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு மாச வாடகை வீட்டைத்தான் வாங்கிக்கொடுத்தன. பிராயச்சித்தம் செய்துவிட்டேன் என்று எங்கேயோ மனசுக்குள் நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அந்த நினைப்புக்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியதுதான்.

13 ஆகஸ்ட், புதன்

காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன். இரண்டு முறை எடுக்கவில்லை; இப்போதெல்லாம் திட்டுவதற்குத்தான் வருகிறது. மூன்றாவது முறை எடுத்தேன்.

"அக்கா, ஜடையன் பேசறனுங்க."

குண்டலுபேட்டை மார்க்கெட்டில் லோடு ஏற்றும்போது யாரோ ஒருவர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாராம், இவரும் எட்டிப் பார்த்திருக்கிறார். என் முகம். சிவப்பு வட்டத்தோடு கவின்ராஜ் வெட்டிப் போட்ட அந்த வீடியோ, முழுக்கவும் பார்த்தாராம். அதன் பிறகு ரைட்டரிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

தேவம்மா எப்படி இருக்கிறாள், பொண்ணு எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார்கள் என்றார். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"உங்க வீதியில எத்தன ஊடுங்க?" என்றார்.

எதற்கு என்று புரியவில்லை. இருபத்தாறு இருக்கும் என்றேன்.

"ஞாயித்துக்கெழம எனக்கு வண்டி இல்லீங்க. வந்து ஊடு ஊடாச் சொல்லிப்போட்டுப் போறனுங்க."

வேண்டாம் என்று பதறினேன். உங்கள் முகத்தை மறந்திருப்பார்கள், நீங்களே வந்து ஞாபகப்படுத்த வேண்டாம், மறுபடியும் சந்திக்கு வராதீர்கள், உங்கள் பொண்ணுக்காகவாவது என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

16 ஆகஸ்ட், சனி

வரமாட்டார். வரக்கூடாது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தார். ஒன்பது அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வாசலில் நின்றார். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே வந்து காபி குடியுங்கள் என்றேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். வந்தது யார் என்று கிருஷ்ணராஜ் கேட்டார். சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்கூட இறங்கினார். அனு கேட்டருகில் நின்றாள்.

முதலில் எதிர்வீடு. மணியை நான் அடிக்கப் போனேன், ஜடையன் கையை நீட்டித் தடுத்துவிட்டு அவரே அடித்தார். அந்தப் பெண் குழந்தைதான் கதவைத் திறந்தது. பின்னாலேயே அவள் அம்மா ஓடி வந்தாள். ஜடையன் முகத்தைப் பார்த்ததும் குழந்தையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அந்த முகத்தை அவள் மறக்கவில்லை, நான் கண்ணாலேயே பார்த்தேன்.

அவரும் பார்த்தார். இரண்டு அடி பின்னால் போய், படிக்குக் கீழே இறங்கி நின்றுகொண்டார். கையைக் கட்டிக்கொண்டார்.

"எம் பேரு ஜடையனுங்க" என்றார். "தப்பில்லேன்னு இந்த அக்கா சொன்னது என்னயத்தானுங்க."

அந்த அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. இன்னும் இருபத்தைந்து வீடு இருந்தது.